பாரதியார் வேஷம்: வாடகை டிரஸ் வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும்!

'நாளை மறுநாள் மாறுவேடப் போட்டி, உங்கள் பிள்ளைக்கு பாரதியார் வேஷம்' என்று பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்ததும் பலரும் ஓடுவது வாடகை டிரஸ் கடைக்குத்தான். ஆனால் அளவு சரியில்லாத கோட்டும் தலையில் நிற்காத முண்டாசும் கிடைத்தால், மேடை ஏறும் முன்பே குழந்தை அழ ஆரம்பித்துவிடும். வீட்டு பீரோவைத் திறந்தாலே வேலை முடிந்துவிடும்.

பாரதியார் என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது மூன்றுதான்: வெள்ளை முண்டாசு, கருப்பு கோட்டு, முறுக்கு மீசை. இவை சரியாக இருந்தால் மற்றதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒரு விஷயம், தலையில் பவுடர் கொட்டி நரைமுடி வைக்காதீர்கள். 1921-ல் அவர் மறைந்தபோது வயது 38தான்!

அதிகம் சொதப்புவது முண்டாசில்தான். குழந்தையின் தலையில் நேரடியாகக் கட்டினால் பத்து நிமிடத்தில் அவிழ்ந்துவிடும். இறுக்கிக் கட்டினால் தலை வலிக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய துணித் தொப்பி ஒன்றின் முன்பக்க நீட்டலை வெட்டி எடுத்துவிடுங்கள். அதை குழந்தையின் தலை அளவுள்ள ஒரு பாத்திரத்தின் மேல் கவிழ்த்து, வெள்ளை காட்டன் துப்பட்டாவை நீளவாக்கில் மடித்து லேசாக முறுக்கியபடி சுற்றுங்கள். ஒரு முனை மட்டும் பின்னால் தொங்கட்டும். நான்கைந்து இடங்களில் ஊசிநூலால் தைத்துவிட்டால் தொப்பி மாதிரி மாட்டலாம், கழற்றலாம். சேஃப்டி பின் குத்தவே வேண்டாம், தலையில் இருப்பது திறந்துகொண்டால் ஆபத்து.

கோட்டுக்கு அண்ணன், அக்காவின் பழைய பிளேசர் இருந்தால் அதிர்ஷ்டம். இல்லையா? கருப்பு முழுக்கை சட்டை போதும். காலரை உள்பக்கம் மடித்து தைத்து, கழுத்து வரை பட்டன் போட்டால் தூரத்தில் கோட்டு மாதிரியே தெரியும். உள்ளே மெல்லிய காட்டன் பனியன் போடுங்கள், வியர்வையை உறிஞ்சும். போட்டதும் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லிப் பாருங்கள். கவிதை சொல்லும்போது கை நீட்டத்தானே வேண்டும்! கீழே ஒட்டுவேட்டி. அப்பாவின் வேட்டிதான் என்றால் பாதியாக மடித்து, இடுப்பில் எலாஸ்டிக் பெல்ட் போட்டு, கணுக்காலுக்கு மேலேயே நிறுத்துங்கள். கால் தடுக்கி விழுவது பெரும்பாலும் வேட்டியால்தான்.

மீசைக்கு ஐப்ரோ பென்சிலோ கண்மையோ போதும். முதல் நாளே முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, அரிப்போ சிவப்போ வருகிறதா என்று பாருங்கள். மார்க்கர் பேனா, உடனடி பசை இரண்டும் வேண்டவே வேண்டாம். ஹேர் டை கண்டிப்பாகக் கூடாது, அதில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு கடுமையான அலர்ஜியை உண்டாக்கும். மீசை நுனியை கன்னம் வரை மேலே வளைத்து வரைந்தால்தான் அந்த மிடுக்கு வரும். நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு.

மீசையை கடைசியாக, மேடை ஏறுவதற்கு சற்று முன் வரையுங்கள். முன்பே வரைந்தால் தண்ணீர் குடிக்கும்போதே பாதி அழிந்துவிடும். போட்டி முடிந்ததும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும், சோப்பு போட்டு அழுத்தித் தேய்க்காதீர்கள்.