ஏலத்தில் போன சொகுசுக் கார்: வண்ணாரப்பேட்டையிலிருந்து வண்டலூர் வரை

"ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்!"

ஏலம் என்றதும் நம் காதில் ஒலிப்பது இந்தக் குரல்தான். ஆனால் ஏலம் என்ற சொல் தமிழுக்குக் கடல் வழியாக வந்தது. போர்ச்சுகீசியர்கள் பேசிய "லெயிலாவ்" என்ற சொல்தான் நம் வாயில் ஏலம் ஆனது என்கிறார்கள் மொழி ஆராய்ச்சியாளர்கள். கப்பலில் வந்த சரக்கு, கரையில் கூவி விற்பது, அதற்கு ஒரு வெளிநாட்டுப் பெயர். எல்லாமே துறைமுகத்தின் பிள்ளைகள்!

காரும் அப்படித்தான் வந்தது. வண்ணாரப்பேட்டையிலிருந்து ராயபுரம் வழியாகத் தெற்கே நடந்தால் சென்னைத் துறைமுகம் வந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் துறைமுகத்தைப் புயல் தாங்கும்படி மாற்றி அமைத்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். சென்னையில் எம்.சி.1 என்ற பதிவு எண் பெற்ற கார் அவருடையதுதான். எம்.சி.3 என்ற எண்ணை வாங்கியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றம், எழும்பூர் அருங்காட்சியகம் போன்ற சிவப்புக் கட்டடங்களைக் கட்டிய அதே செட்டியார்தான். அந்தக் காலத்தில் கார் என்றாலே சொகுசுதான். சாதாரணக் கார் என்று ஒன்று கிடையாது.

இந்தக் கட்டுரை சொல்லப்போவது புதுக் காரின் கதை அல்ல. ஒருவர் ஓட்டி முடித்த பெரிய கார், ஏலத்துக்கு வந்தபோது என்ன ஆனது என்ற கதை. இந்தியாவில் பல ஆண்டுகள் ஒரு விசித்திரம் நடந்தது. பழைய வெளிநாட்டுக் காருக்கு, கடையில் விற்கும் புதுக் காரை விட அதிக விலை கொடுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஏன்?

எண்ணூரில் ஆஸ்டின்

பதில் வடசென்னையிலேயே இருக்கிறது. 1948ல் ரகுநந்தன் சரண் என்ற தொழிலதிபர் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை எண்ணூரில் பூட்டி, ஆஸ்டின் ஏ40 கார்களாக வெளியே விட்டார்கள். ஆம், இன்று லாரிக்கும் பஸ்ஸுக்கும் பெயர் போன அந்த ஆலை ஆரம்பித்தது காரில்தான்! சில ஆண்டுகளில் லேலண்ட் கைகோத்தது. 1955ல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரி வந்தது.

அதே வட்டாரத்தில் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கி அது எம்.ஆர்.எப். ஆனது. 1955ல் என்ஃபீல்டு புல்லட் வந்தது. வண்ணாரப்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் வீடுகளில் இந்த ஆலைகளின் சங்குச் சத்தத்தைக் கேட்டு எழுந்த தலைமுறைகள் உண்டு. வண்டியைச் செய்தவர்கள் அவர்கள். காரில் போனவர்கள் வேறு யாரோ.

அந்த ஆண்டுகளில் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. 1949ல் முழுதாகத் தயாராகி வரும் கார்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1953ல், பாகங்களையும் இங்கேயே செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. நாட்டின் டாலரைக் காப்பாற்ற வேண்டும், உள்ளூர்த் தொழில் வளர வேண்டும் என்பது நோக்கம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் கடைசியில் மிஞ்சியது அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்று பெயர்கள்தான். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தூதரகக் கார்களின் ஏலம்

சொகுசுக் கார் வேண்டும் என்ற ஆசைக்கு அரசு தடை போட முடியவில்லை. அந்த ஆசை ஒரு சின்னச் சந்து வழியாக வெளியே வந்தது. வெளிநாட்டுத் தூதரக அதிகாரிகள் சுங்க வரி இல்லாமல் கார் கொண்டுவரலாம். ஊருக்குத் திரும்பும்போது அதைக் கண்டவருக்கு விற்க முடியாது. 1956ல் தொடங்கப்பட்ட அரசு வர்த்தகக் கழகம், அதாவது எஸ்.டி.சி., அப்படிப்பட்ட கார்களை வாங்கிப் பொதுமக்களுக்கு விற்றது. மெர்சிடிஸ், இம்பாலா, டொயோட்டா என்று சினிமாவில் மட்டும் பார்த்த கார்கள் இப்படித்தான் பணக்காரர்கள் வீட்டு வாசலுக்கு வந்தன.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காருக்கு உதிரி பாகம் இங்கே கிடைக்காது. சில கார்களுக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். பெட்ரோலோ தண்ணீராய் ஓடும். இருந்தும் போட்டி போட்டு விலை ஏறியது. ஏறிய விலை இரும்புக்கோ இன்ஜினுக்கோ கொடுத்தது அல்ல. கிடைக்காத பொருள் கையில் இருக்கிறது என்பதற்குக் கொடுத்தது. சொல்லப்போனால் அது பஞ்சத்தின் விலை!

நகரத்தின் இன்னொரு கோடியில்

இந்தப் பஞ்சத்தை ஓர் உள்ளூர்க் கம்பெனியும் கவனித்தது. எண்ணூரில் ஆஸ்டின் தொடங்கிய அதே 1948ல்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனமும் பிறந்தது. அதன் தொழிற்சாலை நகரின் தெற்கே வண்டலூருக்குப் பக்கத்தில் பெருங்களத்தூரில் இருந்தது. 1961 முதல் 1971 வரை வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு தமிழ்நாட்டு வீதிகளில் நன்றாகத் தெரிந்த கார். பிறகு வந்த கெஸல் 1977ல் நின்றது. கார் செய்வதையே விட்ட அந்த நிறுவனம் 1985ல் ஒரு பெரிய ஆட்டம் ஆடியது. அதுதான் ஸ்டாண்டர்டு 2000.

வெளியே பார்த்தால் அது இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. 1976ல் வெளிவந்து, 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதை வாங்கிய அழகான வண்டி. அங்கே அதன் உச்ச மாடலில் எட்டு சிலிண்டர், 3.5 லிட்டர் இன்ஜின். இங்கே? 1940களில் வடிவமைத்த பழைய வேன்கார்டு காரின் நாலு சிலிண்டர், 1991 சி.சி. இன்ஜினைத் திருத்தி உள்ளே வைத்தார்கள். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கட்டை வண்டி ஓட்டியது போல! விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. வேகமும் இல்லை, மைலேஜும் இல்லை என்ற பெயர் பரவியது. அதற்கு முன்பே 1983ல் மாருதி 800 வந்துவிட்டது. சின்னக் கார், சிக்கனமான கார் என்று மக்கள் மனசு மாறிவிட்டது. 1988ல் ஸ்டாண்டர்டு ஆலையின் கதவு மூடப்பட்டது.

பதினெட்டு ஆண்டுகள் கழித்து...

கதவு மூடியதும் கதை முடியவில்லை. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. ஆலை புதர் மண்டிக் கிடந்தது. 2006 கடைசியில்தான் சிக்கல் தீர்ந்து ஏலத்துக்கு வந்தது. பிரிக்காமலே கிடந்த ரோவர் உதிரி பாகங்கள் அத்தனையையும் வாங்கியது யார் தெரியுமா? இங்கிலாந்தில் லிங்கன் நகரம் அருகே உள்ள ரிம்மர் பிரதர்ஸ் என்ற பழைய கார் பாகங்கள் விற்கும் நிறுவனம். இங்கிலாந்தில் எஸ்.டி.1 உற்பத்தி 1986லேயே நின்றுவிட்டது. அந்தக் காரை இன்னும் போற்றிப் பாதுகாக்கும் ஆட்களுக்கு, சென்னையில் யாருக்கும் வேண்டாத கதவும் பானெட்டும் புதையல். சீமையிலிருந்து வந்த கார், பாகம் பாகமாகச் சீமைக்கே திரும்பியது.

இதை வேடிக்கையாக மட்டும் பார்க்கக் கூடாது. ஓர் ஆலை ஏலத்துக்கு வரும்போது, அந்தப் பணத்தில் தொழிலாளியின் பங்கும் இருக்கிறது. 1985ல் கம்பெனிச் சட்டத்தில் 529ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. கடன் கொடுத்த வங்கியும், சம்பள பாக்கி உள்ள தொழிலாளியும் சம வரிசையில் நிற்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அதற்கு முன் தொழிலாளிக்கு அந்த இடம் கூட இல்லை. ஆனால் வரிசையில் இடம் கிடைத்தால் போதுமா? ஏலம் நடந்தால்தானே வரிசை நகரும்! 1988ல் நாற்பது வயதில் வேலை இழந்த ஒருவருக்கு 2006ல் வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் எல்லாம் அந்த இடைவெளியிலேயே முடிந்திருக்கும்.

வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்திலேயே இருந்த பின்னி மில் என்ற பி அண்ட் சி ஆலை 1996ல் மூடப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

மாறிய காலம்

1991க்குப் பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1996ல் ஃபோர்டு மறைமலைநகருக்கு வந்தது. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. 2001ல் பழைய கார்களையும் இறக்குமதி செய்யலாம் என்றார்கள். ஆனால் மூன்று வயதைத் தாண்டக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும் என்று விதி, அதற்கு மேல் பெரிய வரி. அதற்குள் உள்ளூரிலேயே நல்ல கார் கிடைத்ததால் தூதரகக் காருக்கு இருந்த மவுசு தானாகவே இறங்கியது. கார் அதே கார்தான். பஞ்சம் போனது, விலையும் போனது.

இன்று பழைய பெரிய காரை வாங்குபவர் வேறு காரணத்துக்காக வாங்குகிறார். 2021ல் மத்திய அரசு ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. எண்ணில் "வி.ஏ." என்ற எழுத்து வரும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், தினசரி ஓட்டக் கூடாது. அரசு வாகனங்களின் ஏலமும் இப்போது இணையத்துக்குப் போய்விட்டது. கூவுபவர் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் அன்றும் இன்றும் ஒன்றுதான்: "இருப்பது இருந்தபடியே". வாங்கிய பிறகு இன்ஜின் சரியில்லை, பத்திரம் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் பெயின்ட்டின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

1948ல் எண்ணூருக்குக் கார் பாகமாக வந்தது. 2010ல் அதே எண்ணூரின் புதிய துறைமுகத்திலிருந்து நிசான் கார்கள் முழுதாகக் கப்பல் ஏறின. இந்த அறுபத்திரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் ஏலம் போனவை கார்கள் மட்டுமல்ல, சில ஆலைகளும், அவற்றை நம்பியிருந்தவர்களின் பல ஆண்டுகளும்தான். அடுத்த முறை ஏதாவது ஒரு ஏலத்தில் ஒரு பழைய காரின் விலையைக் கேட்டு வியக்கும்போது, அந்தக் காரைச் செய்தவருக்கு அவருடைய பணம் வந்து சேர்ந்ததா என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.