மாமல்லைக் கடலும் மேலைநாட்டுத் துணையும்

திருப்போரூரின் கீழ்த்திசையில் உப்பங்கழியைக் கடந்தால் நெய்தல் நிலம். அக்கரையின் தெற்கே மாமல்லபுரம். அங்குக் கோயில்கள் ஏழு இருந்தன என்றும், அவற்றுள் ஆறினைக் கடல் கொண்டது என்றும் ஒரு வழக்கு உண்டு. வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1788இல் வெளிவந்த 'ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் இவ்வூரைப் பற்றி எழுதியபின், அவ்வழக்கு மேலைநாட்டாரையும் ஈர்த்தது. எனினும் கேட்ட கதையைக் கடலடியில் இறங்கி அளந்து பார்க்கக் கலமும் கருவியும் பொருளும் வேண்டும். கடலாய்வு என்றுமே பலர் கைகோத்துச் செய்யும் பணியாக இருப்பதன் காரணம் இதுவே.

இந்தியக் கடலாய்வின் வரலாறே இதற்குச் சான்று. 1959 முதல் 1965 வரை நடைபெற்ற பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் யுனெஸ்கோவின் ஆதரவோடு பல நாட்டுக் கப்பல்கள் பங்கேற்றன. அம்முயற்சியின் பயனாக, பின்னர்க் கோவாவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் கடலாய்வு நிறுவனம் 1966 சனவரி முதல் நாளன்று தோன்றியது. பிற நாட்டார் துணையால் பிறந்த அந்நிறுவனமே பின்னாளில் மாமல்லைக் கடலிலும் இறங்கியது.

2002 ஏப்ரலில் இங்கிலாந்தின் டார்செட் பகுதியைச் சேர்ந்த அறிவியல் தேடற் கழகமும் கோவா நிறுவனமும் இணைந்து இங்கு மூழ்கி ஆய்ந்தன. இம்முயற்சிக்குத் தூண்டுகோலாக நின்றவர் கிரகாம் ஹான்காக் என்னும் எழுத்தாளர். பனியூழியின் முடிவில் கடல் பெருகி உலகின் தொல் நாகரிகங்களை அழித்தது என்பது அவர் கொள்கை. மீன்பிடிப்போர் சொன்ன செய்திகளே அவரை இக்கரைக்கு அழைத்து வந்தன. வலை சிக்கும் இடத்தையும் மீன் கூடும் பாரையும் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள் அவர்கள்.

கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், ஐந்து இடங்களில் சுவர்ப் பகுதிகளும் சதுரக் கற்களும் படிகளோடு கூடிய மேடையும் காணப்பட்டன. கண்டவை ஒன்றே, கொண்ட முடிவுகளோ இரண்டு. கடல்மட்டக் கணக்கீட்டைக் கொண்டு, அவ்விடம் ஏறத்தாழ 6000 ஆண்டுகளுக்கு முன்பே மூழ்கியிருக்கலாம் என்னும் கருத்து இங்கிலாந்தில் எழுந்தது. கோவா அறிஞர்களோ அவ்விடிபாடுகள் 1500 முதல் 1200 ஆண்டுகளுக்கு முற்பட்டவையாகலாம், பல்லவர் காலத்தனவாகலாம் என்று கருதினர். 2004இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் தம் ஆய்வினை வெளியிட்டனர்.

இங்குதான் தமிழன்பர்க்கு ஒரு சோதனை. இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோளில் நெஞ்சம் தோய்ந்தவர்க்கு 6000 ஆண்டு என்னும் கணக்குத் தேனாக இனிக்கும். ஆனால் நமக்கு இனிப்பது மட்டும் மெய்யாகிவிடாது. துணைக்கு வருபவர் படகோடும் கருவியோடும் தம் விருப்பத்தையும் கொண்டு வருவது இயல்பு. உதவியைப் பெற்றுக்கொண்டு, முடிவைச் சான்றுகளிடம் விட்டதே கோவா அறிஞரின் பெருமை. உதவியவர் மனம் மகிழ ஆண்டைக் கூட்டியிருப்பின், பொருள் வந்திருக்கும், புலமை போயிருக்கும்.

பின்னர்க் கடலே ஆய்வாளராயிற்று. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலை இக்கரையின் மணலை அரித்துப் புதைந்திருந்த சிற்பங்களை வெளிக்காட்டியது. அதன்பின் தொல்லியல் துறை கடற்படையின் துணையோடு 2005இல் கடலடியில் ஆய்வு நடத்தியது. அவ்வாண்டே சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலக் கற்கோயிலின் கீழே செங்கல்லால் ஆகிய பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. கந்தசாமி உறையும் திருப்போரூரார்க்கு அது அயலாரின் செய்தியன்று. தம் வீட்டுச் செய்தி.

ஆய்வுக்குத் துணை தேடுவோர் கடல் கடந்து நோக்குவதில் பிழையில்லை. ஆயின் முதல் துணைவன் கரையிலேயே கட்டுமரத்தோடு நிற்கிறான். பார் இருக்கும் இடத்தை அவன் சொன்னான், பிறர் அளந்தனர். அளந்தவர் பெயர்கள் ஏட்டில் ஏறின. சொன்னவன் பெயரும் அவற்றோடு ஏறும் நாளில்தான் அக்கூட்டுறவு முழுமை பெறும்.