தாதியரும் உளநெருக்கீட்டு ஆய்வுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

தாதியரின் உளநெருக்கீடு பற்றி வெளிவந்துள்ள ஆய்வுகள் எண்ணிறந்தன. ஆயின் ஒரு தொழிற்பிரிவினரின் களைப்பு எப்பொழுது ஆய்வுப் பொருளாகின்றது, எவரது தேவைக்காக ஆகின்றது என்னும் வினாவை அவை பெரும்பாலும் எழுப்புவதில்லை. இவ்வினாவை முன்வைத்து அவ்வாய்வுகளின் வரலாற்றில் ஒரு முக்கிய கட்டத்தையும் அதன் பின்விளைவுகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

நெருக்கீடு என நாம் வழங்கும் சொல்லின் ஆங்கில மூலம் எந்திரவியலாருக்குரியது. பாலமொன்று எவ்வளவு பாரத்தைத் தாங்கும் எனக் கணிப்பதற்கு அவர்கள் அதனைக் கையாண்டனர். ஹான்ஸ் செலியே 1936இல் எலிகளை வைத்து நடத்திய சோதனைகளைத் தொடர்ந்து அது படிப்படியாக உடற்றொழிலியலுக்கும், பின்னர் உளவியலுக்கும் பெயர்ந்தது. எந்திரவியலார் பாலத்தையும் பாரத்தையும் ஒருங்கே அளந்தனர். உளவியலாரோ காலப்போக்கிற் பாலத்தின் சுபாவத்தை மட்டும் விசாரிக்கலாயினர் என்று சொல்லத் தோன்றுகிறது.

தாதியர் தொடர்பான ஆய்வுகளுள் இசபெல் மென்சீஸ் 1960இல் வெளியிட்டது இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. இலண்டனிலுள்ள தவிஸ்ரொக் நிறுவனத்தைச் சேர்ந்த அவரை அந்நகரின் போதனா வைத்தியசாலையொன்று நாடிற்று. நாடியதற்கான காரணம் மனங்கொள்ளத்தக்கது. மாணவ தாதியரை எந்த விடுதியில் எவ்வளவு காலம் பணிக்கமர்த்துவது என்பதே அங்கு எழுந்த பிரச்சினை. பயிற்சியின் தேவை ஒருபுறமும் ஆட்பற்றாக்குறை மறுபுறமுமாக இழுக்க, பயிற்சித் திட்டமே குலைந்துவிடும் என மேலதிகாரிகள் அஞ்சினர். அங்கிருந்த ஏறத்தாழ 700 தாதியருள் முழுப்பயிற்சி பெற்றோர் 150 பேர் வரையிலேயே இருந்தனர். அவர்களும் நிருவாகம், போதனை, மேற்பார்வை என்பவற்றில் ஈடுபட்டிருந்தமையால், நோயாளரின் படுக்கையருகே நின்று உழைத்தவர்கள் மாணவியரே. கல்வி என்ற பெயரிற் பெறப்பட்ட மலிவான உழைப்பு இது. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெயரால் 1860இல் சென்ற் தோமஸ் வைத்தியசாலையிற் பயிற்சிப் பள்ளி தோன்றிய காலந்தொட்டே மாணவியர் விடுதிகளில் வேலை செய்துகொண்டே கற்றனர். தொண்டு என்னும் கருத்துநிலை அவ்வுழைப்பின் விலையை மறைத்துவந்தது.

மென்சீஸ் கண்டவை கூர்மையானவை. தாதி ஒரு நோயாளியை முழுமையாகப் பராமரிப்பதில்லை. வேலை துண்டு துண்டாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல நோயாளருக்குச் செய்யப்படுகின்றது. நோயாளி பெயரால் அன்றிப் படுக்கை எண்ணாலும் பழுதுற்ற உறுப்பாலும் சுட்டப்படுகிறார். சிறு முடிவுகளும் மேலிடத்துக்குத் தள்ளப்படுகின்றன. உறங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பி உறக்க மருந்து கொடுக்கும் அளவுக்குச் சடங்குத்தன்மை மிகுந்திருந்தது. நோயும் மரணமும் எழுப்பும் பதகளிப்பிலிருந்து தப்புவதற்கு நிறுவனமே உருவாக்கிக்கொண்ட தற்காப்புகள் இவை என்பது அவரது முடிபு. இத்தற்காப்புகள் பதகளிப்பைத் தணிக்காது மேலும் வளர்த்தன என்றும் அவர் காட்டினார். மாணவியருள் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியினர் பயிற்சி முடியுமுன்னரே விலகினர்.

குறையைத் தனித்தனித் தாதியரிற் காணாது அமைப்பிற் கண்டமை மென்சீஸின் பெருஞ்சிறப்பு. எனினும் மெலனி கிளைனின் உளப்பகுப்பாய்வு வழிநின்ற அவர், ஆட்பற்றாக்குறையை உள்ளே உறைந்த வேறொன்றின் வெளித்தோற்றமாகவே கொண்டார். வேலையைத் துண்டாக்குதல் உளத்தின் தற்காப்பு மட்டுமா? தேர்ச்சி குறைந்த, மலிவான கரங்களை ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக இட்டு நிரப்புவதற்கும் அதுவே வழியன்றோ? ஹரி பிறேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலில் தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் பொருத்திக் காட்டிய உழைப்புச் சிதைவு, விடுதியிலும் நிகழ்ந்துகொண்டிருந்தது.

பின்வந்தோர் மென்சீஸின் வரம்பைக் கைக்கொண்டு சிறப்பைக் கைவிட்டனர். 1981இல் கிறே-ரொவ்ற், அன்டர்சன் ஆகியோர் 34 கூற்றுகள் கொண்ட தாதியர் நெருக்கீட்டு அளவுகோலை வெளியிட்டனர். அதிலுள்ள ஏழு பிரிவுகளுள் வேலைப்பளு ஒன்றே ஒன்று. ஏனையவை மரணம், மருத்துவருடனான முரண்பாடு, ஆதரவின்மை போன்றவை. அதே ஆண்டில் மஸ்லாக், ஜாக்சன் ஆகியோரின் தொழிற்சோர்வு அளவுகோலும் வந்தது. இவை பயனற்றவையல்ல. ஆனால் ஆய்வின் அலகு விடுதி என்பதிலிருந்து தனியாள் என்பதாயிற்று. தனியாளுக்குரிய பரிகாரங்களும் உடன் தோன்றின: தளர்வுப் பயிற்சி, ஆலோசனை, 'சமாளிக்கும் திறன்'. 1983இல் ஆர்லி ஹொக்ஸ்சைல்ட் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து முன்வைத்த உணர்வு உழைப்பு என்னும் கருத்தே, முகமலர்ச்சியும் கூலிக்கு வாங்கப்படும் பண்டம் என்பதை நினைவூட்டிற்று. பாம் சிமித் 1992இல் அதனைத் தாதியர் தொழிலுக்கு விரித்தார்.

பாரத்தை மீண்டும் அளந்தவர் லின்டா ஐக்கன். பென்சில்வேனியாவின் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002இல் அவரது குழுவினர் வெளியிட்ட முடிபு இது: ஒரு தாதியின் பொறுப்பில் மேலதிகமாக ஒரு நோயாளி சேருந்தோறும், அத்தாதி தொழிற்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 வீதத்தாலும், சத்திரசிகிச்சை பெற்றவர் 30 நாட்களுள் இறக்கும் வாய்ப்பு 7 வீதத்தாலும் உயர்ந்திருந்தன. நாற்பதாண்டுகளுக்கு முன்னர் இலண்டன் வைத்தியசாலை மென்சீஸிடம் கொண்டுசென்ற முறைப்பாடு, எத்தனை பேருக்கு எத்தனை பேர் என்ற அந்த வெறும் கணக்கு, இவ்வாறு ஆய்வுலகினுட் திரும்பி வந்தது.

ஆயினும் ஆய்வாளருக்கு முன்பே தாதியர் அக்கணக்கைப் போட்டிருந்தனர். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலத்தில் 1986இல் 50 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த தாதியர், 2000ஆம் ஆண்டில் அரச வைத்தியசாலைகளில் தாதியர்-நோயாளர் விகிதத்தை வென்றெடுத்தனர். கலிபோர்ணியாவில் தாதியர் சங்கத்தின் நீண்ட போராட்டத்தின் பயனாக 1999இற் சட்டம் நிறைவேறி, 2004இல் நடைமுறைக்கு வந்தது. பொது விடுதிகளில் ஒரு தாதிக்கு 6 நோயாளர் என்பதை 2005இல் 5 ஆகக் குறைக்கவேண்டியிருந்தது. 2004 நவம்பரில் மாநில ஆளுநர் அதனை ஒத்திவைக்க முயன்றபோது தாதியர் வீதியில் இறங்கினர், நீதிமன்றத்தையும் நாடினர். 2005 மார்ச்சில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. ஐக்கன் குழுவினர் கலிபோர்ணியாவை வேறிரு மாநிலங்களுடன் ஒப்பிட்டு, அங்குள்ள தாதியரிடையே தொழிற்சோர்வு குறைந்திருந்ததை எடுத்துக்காட்டியது 2010இலேயே.