சுங்க மேசையும் பழைய எழுத்தும்: விழுப்புரம்–பாண்டிச்சேரி மாதிரி ரயிலின் காலவரையறை

கடந்த காலத்து ரயில் பாதையொன்றைச் சிறிய அளவில் மீண்டும் அமைக்கப் புகுகிறவன், முதல் தண்டவாளத்தைப் பலகையில் பதிப்பதற்கு முன்பே ஒரு சரித்திரப் பிரச்சினைக்கு விடை சொல்லியாக வேண்டும். தான் அமைக்கப்போவது எந்தக் காலத்து ரயில், அந்தக் காலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே அப்பிரச்சினை. விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் பாண்டிச்சேரியை அடைகிற 38 கிலோமீட்டர்ப் பாதை 1879-இல் திறக்கப்பட்டு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதையாக மாற்றப்படும் வரை ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம் மீட்டர் கேஜ் பாதையாகவே இருந்தது. அதனை 87-இல் ஒரு பங்கு அளவில் கோரிமேட்டு வீட்டு மாடியில் அமைத்துவரும் எனக்கு, இக்கால நிர்ணயத்தில் இத்துறையின் மூத்தவர் ஒருவரோடு தீராத அபிப்பிராய பேதம் உண்டு. பாதை முழுவதையும் இந்த அளவில் விரித்தால் 437 மீட்டர் நீளும் என்பதையும், ஆகவே இங்கே பேசப்படுவது வில்லியனூரும் சின்னபாபுசமுத்திரமும் அவற்றுக்கு இடைப்பட்ட எல்லைப் பகுதியும் மட்டுமே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாதிரி ரயில் விளையாட்டுப் பொருளாக இருந்து சரித்திரச் சான்றாக உயர்ந்த கதை இத்துறையினர் அனைவரும் அறிந்தது. 1891-இல் ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் பொம்மைத் தண்டவாளங்களுக்கு அளவுத் திட்டம் வகுத்ததும், 1930-களின் பிற்பகுதியில் ஜான் அஹெர்ன் தம் மாடர் வேலிப் பாதையில் ரயிலைச் சூழ்ந்த ஊரையும் தெருவையும் ரயிலுக்குச் சமமான கவனத்தோடு அமைத்ததும், ராய் இங்கிலாந்து என்ற பெயருடைய ஆஸ்திரேலியர் 1954-இல் பெண்டன் அருங்காட்சியகத்தை நிறுவி, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட கிராமமொன்றைக் கூரை வைக்கோல் முதற்கொண்டு நிலைநிறுத்த முற்பட்டதும் அக்கதையின் முக்கியப் படிகள். நம் நாட்டில் 1998 முதல் புனேயில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் வேலைப்பாட்டில் மிக உயர்ந்தது; எனினும் அதிலுள்ள நகரம் கற்பனை நகரமாதலால் காலவரையறைப் பிரச்சினை அங்கே எழுவதில்லை.

அப்பிரச்சினைக்கு முறையான விடை தந்தவர்கள் ஐரோப்பியர்கள். 1954-இல் தோன்றிய மோரோப் என்னும் ஐரோப்பிய மாதிரி ரயில் சங்கங்களின் கூட்டமைப்பு, ரயில் சரித்திரத்தை ‘எபோக்’ என்ற காலப் பகுதிகளாகப் பிரித்து, நாட்டுக்கு நாடு உரிய வேறுபாடுகளோடு பட்டியல் வகுத்துத் தந்திருக்கிறது. பழைய நீராவிக் காலம், இரு போர்களின் இடைக்காலம், போருக்குப் பின் நீராவியும் டீசலும் மின்சாரமும் கலந்தோடிய காலம், வாகனங்களுக்குக் கணிப்பொறி எண்கள் வந்த காலம் என்று செல்லும் அப்பிரிவினை, ரயிலின் உள்ளிருந்தே, அதாவது எஞ்சின், நிர்வாகம், வர்ணம், எண் ஆகியவற்றிலிருந்தே தன் எல்லைகளைப் பெறுகிறது. ஐரோப்பியப் பாதைகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

என் மூத்தவரின் வாதம் இதுதான்: பாண்டிச்சேரி 1954 வரை பிரெஞ்சு மண், பாதையின் கிழக்குப் பகுதி, ஏறத்தாழ 8 மைல், பாண்டிச்சேரி ரயில்வே கம்பெனி என்ற தனி ஸ்தாபனத்துக்கு உரியது, பாதையின் அகலமோ பிரெஞ்சு அளவையான மீட்டர், ஆகவே பிரான்ஸுக்குரிய பட்டியலையே இதற்கும் பிரமாணமாகக் கொள்ளவேண்டும். பிரெஞ்சுக் கம்பெனிகள் ஒன்றாகித் தேசிய ரயில்வே அமைந்த 1938 ஜனவரி 1-ஆம் தேதியை அவர் பாண்டிச்சேரிக்கும் ஒரு பெரிய எல்லைக்கல்லாக நட்டுவிடுகிறார். அவர் எனக்கு இத்தொழிலைக் கற்பித்தவர். கையால் செதுக்கிய தேக்கு ஸ்லீப்பர்களை இன்றும் நான் அவர் முறைப்படியே பதிக்கிறேன். இருந்தும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களைச் சற்று விரித்தே சொல்லவேண்டியிருக்கிறது.

மீட்டரைப் பற்றிய வாதம் முதலில். இந்தியாவில் இந்த அகலம் பிரான்ஸிடமிருந்து வந்ததன்று. செலவு குறைந்த பாதைகளுக்கு உரிய அகலம் எது என்ற விவாதம் 1870-ஆம் ஆண்டை ஒட்டி நடந்தபோது, இந்தியாவில் மெட்ரிக் அளவை விரைவில் வந்துவிடும் என்று எதிர்பார்த்த வைசிராய் மேயோ பிரபுவின் அரசாங்கம் தேர்ந்தெடுத்தது அது. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு முதலில் அகலப் பாதையாகப் போடப்பட்ட வழிகூட 1870-களில் மீட்டர் கேஜாகக் குறுக்கப்பட்டது. 1874-இல் உருவான தென்னிந்திய ரயில்வே அவ்வகலத்தில் விழுப்புரம் வரை வந்து நின்றபோது, கடலைக்கொட்டையை மார்செய்ல் துறைமுகத்துக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்த பாண்டிச்சேரி அதனோடு இணைய விரும்பியதில் வியப்பில்லை. இணைவதென்றால் அதே அகலத்தில்தான் இணையமுடியும். மீட்டர் என்ற சொல் பிரெஞ்சு. ஆயினும் அது விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு வந்ததே தவிர, பாண்டிச்சேரியிலிருந்து விழுப்புரத்துக்குப் போகவில்லை.

இந்த அகலம் மாதிரி செய்பவனுக்குத் தரும் ஒரு நன்மையையும் இங்கேயே குறித்துவிடலாம். ஒரு மீட்டரை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். சுவிட்சர்லாந்து மலைப் பாதைகளுக்காகக் கடைகளில் விற்கும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் அதற்கு ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. இந்திய அகலப் பாதையை அமைப்பவர்களோ 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும் இடத்தில் பதினாறரை மில்லிமீட்டர்த் தண்டவாளத்தை வைத்து, நிஜ அளவில் 24 சென்டிமீட்டர் குறுகிப்போன பாதையோடு திருப்தியடைய வேண்டியிருக்கிறது.

அடுத்தது கம்பெனி வாதம். உரிமை பாண்டிச்சேரிக் கம்பெனியுடையது என்பது மெய். ஆனால் அதில் ஓடிய வண்டி, அதை ஓட்டிய ஆள், எஞ்சினைப் பழுதுபார்த்த பணிமனை யாவும் தென்னிந்திய ரயில்வேயைச் சேர்ந்தவை. அந்த ரயில்வேதான் பாதையை இயக்கியது. மாதிரி அமைப்பில் கண்ணுக்குத் தெரிவது உரிமைப் பத்திரம் அல்லவே. வண்டியும் கைகாட்டியும் அல்லவா தெரிகின்றன? பாரிஸில் 1938-இல் நடந்த இணைப்பினால் வில்லியனூர்க் கைகாட்டியின் ஒரு ஆணிகூட மாறியிருக்க நியாயமில்லை. இப்பாதையில் வண்டியின் தோற்றத்தைப் பாதித்த நிர்வாக மாறுதல்கள் வேறு: 1944-இல் தென்னிந்திய ரயில்வேயின் நிர்வாகத்தைச் சர்க்கார் நேரடியாக ஏற்றது ஒன்று, 1951 ஏப்ரல் 14-இல் அது தென்னக ரயில்வேயில் கலந்தது மற்றொன்று. இவற்றைக்கூட நான் கூரிய எல்லையாகக் கொள்வதில்லை. ஒரு கூட்ஸ் வாகனின் பக்கத்தில் எழுதிய ‘எஸ். ஐ. ஆர்.’ என்ற எழுத்து, புது நிர்வாகம் பிறந்த நாளில் அழிவதில்லை. அந்த வாகன் பணிமனைக்குப் போய் வர்ணம் பூசிக்கொள்ளும் முறை வரும்போதுதான் அழிகிறது. ஆகவே 1952-ஐக் காட்டும் அமைப்பில் இரண்டு எழுத்துகளும் ஒரே வண்டித் தொடரில் அடுத்தடுத்து நிற்பதே இயல்பு என்று கொண்டு, என் ஆறு வாகன்களில் நாலுக்குப் பழைய எழுத்தும் இரண்டுக்குப் புதிய எழுத்துமாக இட்டிருக்கிறேன்.

பிரெஞ்சுப் பட்டியலை மறுப்பதனால் இந்திய நீராவி, டீசல் பிரிவினை ஒன்றை அதனிடத்தில் வைத்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. இப்பாதையின் காலங்களை எஞ்சின் பிரிக்கவில்லை. சுங்க மேசை பிரித்தது. இதுவே நான் நிலைநாட்ட விரும்புவது.

கோரிமேட்டில் வசிப்பவனுக்கு இது எளிதில் விளங்கும். திண்டிவனம் சாலை புதுச்சேரியை விட்டு வெளியேறும் இடம் இது. ஜிப்மர் மருத்துவமனை இங்கே எழுந்து ஊரின் முகம் மாறுவதற்கு முன் இவ்விடத்தின் முக்கியத்துவம் எல்லை என்பதிலேயே இருந்தது. சாலைக்குக் கோரிமேடு எப்படியோ, ரயிலுக்கு வில்லியனூருக்கும் சின்னபாபுசமுத்திரத்துக்கும் இடைப்பட்ட வெளி அப்படி: முன்னது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது, பின்னது தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் பிரெஞ்சிந்தியாவுக்கும் சுங்க இணைப்பு ஏற்பட்டது. 1949-இல் அது முடிவுக்கு வந்து, சுதந்திர இந்தியாவின் சுங்கக் கட்டுப்பாடு எல்லையில் இறுகியது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் பிரதிநிதிகள் வாக்களித்து, நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. சட்டபூர்வமான மாற்றம் 1962 ஆகஸ்டில் நிறைவேறியது. ஆக 1941 வரை ஒரு காலம், 1949 வரை மற்றொன்று, 1954 வரை மூன்றாவது, அதற்குப் பின் நான்காவது என நான் பகுக்கிறேன். இந்நான்கில் மூன்றாவது மிகக் குறுகியது. ஆறு ஆண்டுகூட நிறையவில்லை. என் அமைப்பு அதில்தான் நிற்கிறது.

ரயில் பிரயாணிகளிடம் அந்த ஆண்டுகளில் சோதனை எவ்வாறு, எத்தனை நேரம் நடந்தது என்பதற்கு என் கையிலுள்ள ஆதாரம் மெலிந்தது; முதியவர்களின் வாய்மொழியே பெரும்பகுதி. என்றாலும் இந்த இடத்தில் நான் பின்வாங்கத் தயாராக இல்லை. இரு தேசங்களின் வரி விகிதங்கள் வேறுபட்டு, ஒரு தேசம் மற்றதன் இணைப்பை வற்புறுத்திக்கொண்டிருந்த நாட்களில், பாண்டிச்சேரியின் எல்லையைக் கடக்கும் ரயில் சோதனையின்றிச் சென்றிருக்கும் என்று கொள்வது எவ்வகையிலும் பொருந்தாது. சோதனை உண்டென்றால் வண்டி நின்றாக வேண்டும்; வண்டி நின்றால் கால அட்டவணை மாறும்; கால அட்டவணை மாறினால் எதிர்வண்டியைக் கடக்கும் நிலையமும் மாறும். டெல்டா லைன்ஸ் என்ற மாதிரிப் பாதையை இயக்கிய அமெரிக்கர் ஃபிராங்க் எலிசன் மாதிரி ரயிலை நாடக மேடையாகவும் கால அட்டவணையைக் கதைப் போக்காகவும் கருதியவர். அப்பார்வையில் சுங்க மேசையே இக்கதையின் திருப்பம்.

என் அமைப்பில் கடிகாரம் ஆறு மடங்கு வேகமாக ஓடுகிறது. நிஜத்தின் 10 நிமிஷம் அதில் ஒரு மணி. ஒற்றைப் பாதையாதலால் லைன் கிளியர், அதாவது அடுத்த நிலையத்தின் அனுமதி, இல்லாமல் வண்டி நகராது. அதற்கு அடையாளமான பந்து டோக்கனுக்குப் பதிலாக சைக்கிள் பேரிங் குண்டு ஒன்றை வைத்திருக்கிறோம். வில்லியனூர்ப் பக்கம் நிற்கும் நண்பர் அக்குண்டைத் தம் கிண்ணத்திலிருந்து எடுத்து என் கையில் தந்த பிறகே எஞ்சினுக்கு மின்சாரம் கொடுப்பேன். சின்னபாபுசமுத்திரத்தில் பிரயாணி வண்டிக்கு 30 நிமிஷ நிறுத்தம் விட்டிருக்கிறேன். கடிகாரத்தில் முப்பது, கையில் ஐந்து. இந்த முப்பது என் அனுமானம். ஆனால் அதை வைத்து ஓட்டிப் பார்த்தபோது, கடலை ஏற்றிய கூட்ஸ் வண்டி வில்லியனூரிலேயே அடைபட்டு நிற்க நேர்ந்ததும், நிறுத்தத்தை எடுத்துவிட்டு 1945-க்குரிய ஓட்டமாக ஓட்டியபோது அதே கூட்ஸ் தடையின்றிப் பாண்டிச்சேரி நோக்கிச் சென்றதும் எனக்குப் பெரிதாகத் தோன்றின. எந்த எஞ்சினை மாற்றியும் இப்படியொரு வேறுபாடு உண்டாகவில்லை.

இனி எழுத்தைப் பற்றி. பழைய பலகைகளின் காலத்தைத் தமிழ்நாட்டில் மதிப்பிட ஓர் எளிய உரைகல் உண்டு: 1978-இல் தமிழக அரசு ஆணையால் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம். ணை, லை, ளை, னை ஆகியவை அதற்குமுன் தலைமேல் துதிக்கை தூக்கிய வடிவில் எழுதப்பட்டன. ணா, றா, னா முதலியவை சுழிகொண்ட தனி வடிவம் பெற்றிருந்தன. சென்னை என்ற பெயரைத் தாங்கிய ஒரு பலகையைக் கண்டதும் அது முந்தியதா பிந்தியதா என்று சொல்லிவிடலாம். இதே முறையை என் மூத்தவர் இப்பாதையின் பலகைகளுக்கும் கையாளச் சொன்னார். நானும் முயன்றேன். விழுப்புரம், வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர், பாண்டிச்சேரி ஆகிய ஐந்து பெயர்களையும் காகிதத்தில் எழுதி எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். சீர்திருத்தம் தொட்ட எழுத்து அவற்றில் ஒன்றுகூட இல்லை. 1930-இல் எழுதிய வில்லியனூரும் 1990-இல் எழுதிய வில்லியனூரும் வடிவில் ஒன்றேதான். பெயர்ப் பலகையை வைத்து இப்பாதையில் காலம் சொல்ல வழியில்லை.

ஆனால் ‘நிலையம்’ என்ற சொல்லில் லை உண்டு. ‘அனுமதி இல்லை’ என்ற அறிவிப்பிலும் உண்டு. ஆகவே காலத்தைச் சொல்லும் சக்தி ஊர்ப்பெயரிடம் இல்லாமல், பிளாட்பாரத்து ஓரத்தில் யாரும் கவனியாத சிறு அறிவிப்பில் ஒளிந்திருக்கிறது. நிஜத்தில் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து என் அளவில் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று மயிர் கொண்ட தூரிகையால், பூதக்கண்ணாடியின் கீழ், மூச்சை அடக்கிக்கொண்டு அந்தத் துதிக்கையை வளைக்கிறேன். முதல் நாலு பலகைகளில் அது லகரத்தின் தலையில் விழுந்த மைத்துளி போல ஆயிற்று, ஐந்தாவதில்தான் வளைவு வந்தது. ஆணை பிறந்த ஆண்டு தெரியும். ரயில்வேயின் வர்ணக்காரர் இந்நிலையங்களில் எந்த ஆண்டு தம் கையை மாற்றிக்கொண்டார் என்பதை நிர்ணயிக்க இயலாது. எனக்கு அது அவசியமும் அன்று; 1949-க்கும் 1954-க்கும் இடையே ஐயத்துக்கு இடமில்லை. 1980-ஆம் ஆண்டை ஒட்டி டீசல் எஞ்சினோடு இப்பாதையை அமைக்க நினைப்பவர்தாம் இவ்விடத்தில் நின்று யோசிக்கவேண்டும்.

ஒரு விஷயத்தில் என் மூத்தவர் பக்கமே நியாயம் இருக்கலாம். ஆட்சி மாறிய 1954 நவம்பர் 1-ஐ நான் எல்லையாகக் கொண்டதற்குக் காரணம் அதன் தெளிவு; அன்று காலையிலேயே சின்னபாபுசமுத்திரத்தின் சோதனையும் நின்றுபோயிற்று என்பதற்கு என்னிடம் சான்றில்லை. அதிகாரிகளும் தாளும் முத்திரையும் சில வாரங்கள் நீடித்திருக்கலாம் என்று அவர் சொல்கிறார். வாகன் எழுத்தில் நானே ஒப்புக்கொண்ட நியாயம் மேசைக்கும் பொருந்தும் என்கிறார். இதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆகையால் பிளாட்பாரத்து வேப்பமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பசையிட்டு உறுதியாக ஒட்டியபோதிலும், தீக்குச்சியில் செய்த அந்தச் சுங்க மேசையை மட்டும் ஒட்டாமல், சாமணத்தால் எடுக்கும்படியாகவே வைத்திருக்கிறேன்.