வெற்றுக்கட்டமும் சுழியமும்: குறுவை விளைச்சல் கணக்கில் பிழைகாப்புச் சூத்திரங்களின் பெயர்ப்பு

விரிதாளின் பிழைகாப்புச் சூத்திரங்களை எஸ்கியூஎல் போன்ற வினவல் மொழிகளுக்கு மாற்றுவது குறித்த எழுத்துகளில், சூத்திரத்துக்குச் சூத்திரம் நிகரன் காட்டும் போக்கே மேலோங்கியிருக்கிறது. எக்ஸெல் 2007இல் அறிமுகமான இஃப்எரர், ஒரு கணக்கு எந்தப் பிழையில் முடிந்தாலும் அவ்விடத்தில் குறித்த மதிப்பை வைப்பது. அதற்கு நிகராக, சுழியத்தை வெறுமதிப்பு (NULL) ஆக்கும் நல்இஃபும் வெறுமதிப்புக்கு மாற்றுத் தரும் கோலெஸும் இணைந்த தொடர் பரிந்துரைக்கப்படுகிறது. இருபுறமும் விடை ஒத்துவருவதே இதற்குக் காட்டப்படும் சான்று. காவிரிப் படுகையின் குறுவைக் கணக்கில் வைத்துப் பார்த்தால், அந்த ஒப்புமையே குறையை மறைக்கிறது என்று கொள்ள வலுவான இடமுண்டு.

வருவாய்க் கிராமத்துக்கு ஒரு வரிசையாக, பரப்பு ஹெக்டேரிலும் நெல் டன்னிலும் பதிந்து, நெல்லைப் பரப்பால் வகுத்து, பிழை வந்தால் 0 இடுமாறு இஃப்எரர் எழுதிய தாளை எடுத்துக்கொள்ளலாம். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படாத ஆண்டுகளில் (2024இல் திறந்தது ஜூலை 28) பம்புசெட் உள்ள கிராமங்கள் குறுவை நடுகின்றன; ஆற்றுநீரை மட்டும் நம்பிய கடைமடைக் கிராமங்கள் நேரே சம்பாவுக்குப் போய்விடுவதால் அங்கே பரப்பு 0 என்பது மெய்யான பதிவு. வேறொரு கிராமத்தில் அடங்கல் கணக்கு வராததால் பரப்புக் கட்டம் காலியாக இருக்கும்; காலிக்கட்டத்தை எக்ஸெல் சுழியமாகக் கொள்வதால் அங்கும் அதே வகுத்தல் பிழைதான். மூன்றாவது நிலையே விவாதத்துக்குரியது. பரப்பு 40 என்று பதிவாகி, பயிர் அறுவடைப் பரிசோதனையின் முடிவு வராமல் நெல் கட்டம் காலியாக இருந்தால், சுழியத்தை 40ஆல் வகுத்து 0 என்ற விடை வருகிறதே தவிரப் பிழை எழுவதில்லை, இஃப்எரருக்கு வேலையும் இல்லை. எஸ்கியூஎல்லில் அதே வரிசை வெறுமதிப்பாகி, கோலெஸின் கைபட்ட பிறகே 0 ஆகிறது. நிகரன் பட்டியல் பொருத்தம் எனக் கொண்டாடும் 0, ஒருபுறம் காலிக்கட்டத்தைச் சுழியமாகப் படித்ததால் வந்தது. மறுபுறம் அறியாமையைச் சுழியமென எழுதியதால் வந்தது.

இதன் விளைவு சராசரியில் தெரியும். எடுத்துக்காட்டாக, 40 ஹெக்டேரில் 200 டன், 20 ஹெக்டேரில் 80 டன், நடவே இல்லாத ஒரு கிராமம் என மூன்று வரிசைகள் இருந்தால், விளைச்சல்களின் சராசரி 3 டன். நடாத கிராமத்தை விலக்கினால் 4.5; மொத்த நெல்லை மொத்தப் பரப்பால் வகுத்தால் ஏறக்குறைய 4.67. வட்டார விளைச்சல் எனத் தக்கது இறுதி எண்ணே. அவ்வழியில் முதல் நிலைக்குப் பிழைகாப்பே தேவைப்படுவதில்லை. ஆனால் மூன்றாம் நிலையில் நெல் விடுபட்டு, பரப்பு மட்டும் வகுஎண்ணில் தங்கிவிடும் என்பதால், முடிவு வராத வரிசைகளைக் கூட்டலுக்கு முன்பே வடிகட்டியாக வேண்டும்.

மூலச்சூத்திரம் 0க்குப் பதில் வெற்று மேற்கோள்குறிகளை இட்டிருந்தால், எக்ஸெலின் சராசரி அக்கட்டத்தைத் தவிர்த்துவிடும். அதை அப்படியே கோலெஸுக்குள் வைத்தால் போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் எண் நெடுவரிசையில் எழுத்தை ஏற்க மறுத்து வினவல் முழுவதையும் நிறுத்திவிடும். கோலெஸை நீக்கிவிடுவதே அங்கே சரியான பெயர்ப்பு. சென்ற ஆண்டு அறிக்கையோடு எண் மாறக்கூடாதே என்ற மறுப்பு அலுவலக வசதியைச் சார்ந்தது. அதற்கு இங்கே இடமில்லை. எஸ்கியூஎல்லுக்குப் பதில் எக்ஸெலின் பவர் குவெரிக்கு மாற்றினால், பிழை கட்டத்தோடு நின்றுவிடுவது உண்மைதான். பிழையே எழாத மூன்றாம் நிலைக்கு அதுவும் உதவாது.

இந்த நிலைகளைப் பிரித்தறிவது இழப்பீட்டுக்கும் தேவை: பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் உண்மை விளைச்சலை வரம்பு விளைச்சலோடு ஒப்பிட்டு இழப்பீட்டைக் கணக்கிடுகிறது; விதைக்க முடியாமற்போனதற்கு அதில் தனி விதி உண்டு. எனவே விளைச்சல் நெடுவரிசையை வெறுமதிப்போடு விட்டு, நடவில்லை, பரப்பு வரவில்லை, அறுவடை முடிவு வரவில்லை என்னும் மூன்றையும் எஸ்கியூஎல்லின் கேஸ் தொடரால் பக்கத்து நெடுவரிசையில் பிரித்தெழுதுவதே ஏற்கத்தக்க பெயர்ப்பு.