கையெழுத்து திருத்தணிக்காரருடையது

1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லை குறித்த படாஸ்கர் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று ஊர் சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அடுத்த இரண்டாண்டில், 1888-ல் அங்கே பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

ஆசிரியர் தினத்தன்று மாலை போடுகிறவர்கள் தத்துவப் பேராசிரியரைத்தான் நினைக்கிறார்கள். முப்படைகளின் தலைமை ஐந்தாண்டுக் காலம் அவர் பெயரில் இருந்ததை யாரும் பேசுவதில்லை.

வெள்ளையர் ஆட்சியில் 'கமாண்டர்-இன்-சீப்' என்றால் வைஸ்ராய்க்கு அடுத்த இடம். 1949 ஜனவரி 15 அன்று அந்த நாற்காலியில் கரியப்பா அமர்ந்தார், முதல் இந்தியராக. மறு ஆண்டு வந்த அரசியல் சட்டம், 53-வது பிரிவில், படைகளின் உச்சத் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தது. ஆனாலும் படைத் தலைவர்கள் பழைய பட்டத்தோடுதான் வலம் வந்தார்கள். ஒரே உறையில் இரண்டு வாள்! 1955-ல் சட்டம் போட்டு அந்தப் பட்டத்தை எடுத்தார்கள். தரைப்படைத் தலைவர் வெறும் 'சீப் ஆப் ஆர்மி ஸ்டாப்' ஆனார்.

உச்சத் தலைமை என்றதும் ட்ரூமனை நினைத்துவிடக் கூடாது. அமெரிக்க அதிபரான அவர் 1951-ல் தளபதி மக்கார்தரைத் தன் முடிவாகவே பதவி நீக்கினார். இங்கே 74-வது பிரிவு குறுக்கே நிற்கிறது: குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பார். பாதுகாப்பு அமைச்சகம் கோப்பு தயாரிக்கும், பிரதமர் முடிவு செய்வார், ஆணை குடியரசுத் தலைவர் பெயரில் வரும்.

அப்படியானால் ராஷ்டிரபதி பவனில் இருப்பவர் யார் என்பதற்கு மதிப்பே இல்லையா? 1962-ஐப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அந்த அக்டோபரில் சீனப் படை இறங்கியது. 26-ம் தேதி நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்டார். முந்தைய ஆண்டு தளபதித் தேர்விலிருந்தே கசப்பு புகைந்துகொண்டிருந்தது. ஓய்வுபெறும் தரைப்படைத் தலைவர் திம்மையா விரும்பியது தளபதி தோரட்டை. அரசு பணி மூப்பைக் காட்டித் தாப்பரை அமர்த்தியது. நேருவுக்கு நெருக்கமான பி.எம். கௌல் மளமளவென்று மேலே வந்து, வடகிழக்கு எல்லையான நேபா முனையின் பொறுப்பையே பெற்றிருந்தார். அங்கே சேலாவும் பொம்டிலாவும் விழுந்த நாட்களில், கௌல் சீனர்களிடம் பிடிபட்டுவிட்டார் என்று தில்லியில் வதந்தி பரவியது. உண்மையா என்று கேட்டவரிடம், துரதிர்ஷ்டவசமாக உண்மையில்லை என்றாராம் ராதாகிருஷ்ணன். பத்திரிகையாளர் நெவில் மாக்ஸ்வெல் இதைத் தம் நூலில் பதிந்திருக்கிறார். வேதாந்தம் படித்தவரின் நாக்கு இவ்வளவு கூர்மையாக இருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. சீனாவை நம்பி ஏமாந்ததையும் அரசின் அலட்சியத்தையும் அவர் வெளிப்படையாகவே கண்டித்தவர்.

பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதற்கு முன்பே, நவம்பர் தொடக்கத்தில், கட்சிக்காரர்களின் எதிர்ப்பு தாங்காமல் அமைச்சரவையிலிருந்து வெளியேறியிருந்தார். அவர் இடத்துக்குச் சவான் வந்தார். தாப்பர் விலக, 1948-ல் ஹைதராபாத் நடவடிக்கையை நடத்திய ஜே.என். சௌத்ரி படைத்தலைவரானார். கௌலின் ராணுவ வாழ்க்கை அத்தோடு முடிந்தது.

குடியரசுத் தலைவருக்கு உண்மையிலேயே கை நீளும் தருணம் வேறு: பிரதமர் இறந்துபோனால் ஆலோசனை சொல்லப் பிரதமரே இல்லை. 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். அன்றைக்கே குல்சாரிலால் நந்தாவுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார் ராதாகிருஷ்ணன். 'தற்காலிகப் பிரதமர்' என்றொரு பதவி அரசியல் சட்டத்தில் கிடையாது. 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் பிரதமர் சாஸ்திரி இறந்தபோதும் நந்தாவையே பிரதமராக்கினார். 1984-ல் ஜெயில் சிங் அந்த வழியில் போகவில்லை. இந்திரா கொல்லப்பட்ட அன்று மாலையே நேராக ராஜீவைப் பிரதமராக்கினார்.

1966 ஜூன் 8 அன்று தரைப்படைத் தலைமைக்குச் சௌத்ரிக்கு அடுத்து வந்தவர் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம். திருச்செங்கோடு பக்கத்து ஜமீன் குடும்பம். தந்தை சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சர். தம்பி மோகன் கம்யூனிஸ்ட், தங்கை பார்வதி கிருஷ்ணனும் அப்படியே. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் சிறைப்பட்டு, தப்பி, மறுபடி பிடிபட்டவர் குமாரமங்கலம். திருத்தணிக்காரர் உச்சத் தலைவராக இருக்கையில் கொங்கு நாட்டுக்காரர் தரைப்படைக்குத் தலைமை ஏற்றார். சௌத்ரியின் கீழ் துணைத் தளபதியாக இருந்தவர் அவர்.

அவருக்குப் பின் மானெக்ஷா பொறுப்பேற்ற 1969 ஜூன் 8 அன்று முழுநேரக் குடியரசுத் தலைவரே இல்லை. ஜாகிர் உசேன் மே மாதம் காலமாகியிருந்தார். துணைத் தலைவர் வி.வி. கிரி அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.