மிமிக்ரியும் புனித பவுலும்



ஊர்த் திருவிழா மேடையில் ஒருவர் நடிகர்களின் குரலில் பேசிக் கைத்தட்டல் வாங்குகிறார். அதை 'மிமிக்ரி' என்கிறோம். ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த இச்சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'மீமோஸ்' என்றால் பிறரைப்போல நடித்துக் காட்டும் கூத்துக்காரர்.

அதே வேரில் பிறந்தது 'மீமேத்தேஸ்'. ஒருவரைப் பார்த்து அவர்போலச் செய்பவர் என்பது பொருள். இந்தச் சொல்லைத்தான் புனித பவுல் எடுத்தாண்டார். ஏறத்தாழ கி.பி. 55-இல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், தாம் கிறிஸ்துவைப் பின்பற்றுவதுபோல அவர்களும் தம்மைப் பின்பற்றும்படி கேட்கிறார் (11:1).

அரங்கிலிருந்து நற்செய்திக்கு வந்த இன்னொரு சொல் 'ஹுபோகிரித்தேஸ்'. அதற்கும் நடிகர் என்றே பொருள். ஆண்டவர் கண்டித்த 'வெளிவேடக்காரர்' அவர்தான். இரண்டும் மேடைச் சொற்களே. அப்படியானால் வேறுபாடு எங்கே?

பவுலின் மடலிலேயே விடை இருக்கிறது. சிலைகளுக்குப் படைத்த இறைச்சியை உண்ணலாமா என்பது கொரிந்தியரின் கேள்வி. உண்ண உரிமை உண்டு. ஆனால் வலுவற்ற சகோதரர் அதனால் இடறி விழுவார் என்றால் தமக்கு அது வேண்டாம் என்கிறார் பவுல். வெளிவேடக்காரர் பிறர் பார்ப்பதற்காகச் செய்கிறார். பின்பற்றுபவரோ பிறர் வாழ்வதற்காகத் தம் உரிமையை விட்டுக்கொடுக்கிறார்.

'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்று நம் மூத்தோர் போற்றிப் படித்த நூலைத் தந்தவர் தோமாஸ் கெம்பிஸ். 1471-இல் இறந்த இத்துறவியின் அன்றாட வேலை நூல்களைப் படியெடுப்பது. திருவிவிலியம் முழுவதையும் நான்கு முறை கையால் எழுதியவர். ஏட்டைப் படியெடுத்த அந்தக் கைதான் கிறிஸ்துவின் வாழ்வைப் படியெடுக்கவும் நமக்குக் கற்பித்தது.

"பரீட்சையில் காப்பி அடிக்காதே" என்று பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். அதே பிள்ளையைப் பார்த்து, "அப்படியே அப்பாவை உரித்து வைத்திருக்கிறான்" என்று பூரித்துப்போகிறோம். ஆம், பிள்ளைகள் நம்மைப் பார்த்தே எழுதிக்கொண்டிருக்கிறார்கள். செபமாலை சொல்லும்படி அவர்களை அனுப்பிவிட்டு நாம் தொலைக்காட்சி முன் உட்கார்ந்தால், அவர்கள் படியெடுப்பது எதை?

பிரசங்கம் வைக்கும் குருக்களாகிய நமக்கும் இது சுடுகிறது. "சொல்வதைச் செய்யுங்கள்" என்பது எளிது. "எங்களைப் பார்த்துச் செய்யுங்கள்" என்று பவுலைப்போலச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

இந்த வாரம் நமக்குள்ள ஓர் உரிமையையாவது பலவீனமான ஒருவருக்காக விட்டுக்கொடுப்போம். யாரும் கைத்தட்ட வேண்டாம். வீட்டில் ஒரு பிள்ளை பார்த்தால் போதும். ஆமென்.